காது இல்லாத லென்ஸ்

அத்தியாயம் ஆறு

மேஜை மேல் இரண்டு லென்ஸ். ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், மற்றதை விட்டுவிட வேண்டும். சஞ்சீவிராஜா போட்ட நிபந்தனை அவ்வளவுதான்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நம்பிக்குப் புரியவில்லை. ஒன்று உள்ளங்கையில் அடங்குகிற ஐம்பது எம்.எம். இன்னொன்று ஊறுகாய் ஜாடி கணக்காக உட்கார்ந்திருந்த ஐநூறு எம்.எம். சும்மா கிடைக்கும்போது சின்னதை எடுக்கிறவன் உருப்பட மாட்டான் என்பது அவனுடைய கட்சி.

சஞ்சீவிராஜா ராஜபாளையத்தில் பழைய வசதிக்காரர். மலை அணில் பைத்தியம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டை அணில்களுக்கென்று சர்க்கார் ஒதுக்கிய காலத்துக்கு முன்னாலேயே கேமராவும் கையுமாக மரத்தடியில் படுத்துக் கிடந்தவர். போன வாரம் அவருடைய வெள்ளை நாயை எவனோ களவாண்டுவிட்டான். ஜெயபாயும் நம்பியும் அதை வன்னியம்பட்டித் தோப்பு ஒன்றிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தார்கள். நாய் தன் பங்குக்கு நன்றியாக நம்பியின் பேண்ட்டைக் கிழித்தது. ராஜா தன் பங்குக்கு ஒரு லென்ஸ் தருகிறேன் என்றார்.

"ஐநூறுதாங்க்கா" என்றான் நம்பி. "சஞ்சீவி மலை மேல ஏறி உட்கார்ந்தா, ஊர்ல எவன் வீட்டுல என்ன குழம்புன்னு சொல்லிப்புடலாம்."

ஜெயபாய் சிரிக்கவில்லை. அவள் சிரிக்கிற ஜாதியே இல்லை. ரொம்பப் பிடித்துப்போனால் மூக்கு நுனியை ஒரு தடவை சொறிவாள், அதோடு சரி. மதுரையில் பெண் போலீஸாக இருந்தவள். வேலையை உதறிவிட்டு ராஜபாளையத்துக்கு வந்து, பேண்டேஜ் துணி கோடவுனுக்கு மேல் மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டிருந்தாள். போலீஸ் வேலையை ஏன் விட்டாள் என்று நம்பி கேட்டதில்லை. கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை.

நம்மிடம் வருகிற கேஸெல்லாம் ஜீரோ வாட் பல்பு கேஸ், அதற்கு ஐம்பதுதான் லாயக்கு என்றாள் அவள். ராஜாவும் அதையே ஆமோதித்தார். சின்ன லென்ஸ் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் குடித்துவிடுமாம். ஃபிளாஷ் வேண்டாம், ஆள் முழிக்கிறதுக்குள் படம் விழுந்துவிடும். பெரிசுக்கு நல்ல வெயில் வேண்டும், ஸ்டாண்ட் வேண்டும், ஆடாத கை வேண்டும். கிட்டத்தில் இருப்பது அதற்குக் கண்ணே தெரியாது. அதன் சௌரியமெல்லாம் தூரத்தில்தான்.

அந்தச் சௌரியத்தைக் காட்டத்தான் ராஜா ஆல்பத்தைத் திறந்தார். மரக்கிளையில் அணில். கொய்யாவோடு அணில். வாலைத் தொங்கவிட்ட அணில். ஒவ்வொரு அணிலுக்கும் பின்னால், இலைகளின் நடுவே வெயில் விழுந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக வளையங்கள். நடுவில் ஓட்டை.

"யாரு சார் அணிலுக்குப் பின்னால உளுந்தவடையைக் கட்டித் தொங்கவிட்டது?" என்று கேட்டான் நம்பி.

ராஜா குலுங்கிச் சிரித்தார். இந்த லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி நடுமையத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது, அதனால் பின்னணியில் மின்னுகிற புள்ளியெல்லாம் வளையமாக விழும், வேறெந்த லென்ஸிலும் இப்படி வராது என்று விளக்கினார். விளக்கி முடிக்கும்போதுதான் இரண்டு பேரும் ஜெயபாயைப் பார்த்தார்கள்.

அவள் அந்த வளையங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு போட்டோவை எடுத்து ஆல்பத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நாலு மூலையிலும் பசை காய்ந்து போயிருந்தது. எங்கேயோ ஒட்டியிருந்ததைப் பிய்த்து எடுத்த போட்டோ.

குளத்துப் படியில் இரண்டு ஆண்கள். முன்னால் நிற்கிறவன் இளைஞன், முகத்தைக் கொஞ்சம் தண்ணீர்ப் பக்கம் திருப்பியிருந்தான், ஒரு கையை இடுப்பு உயரத்துக்கு நீட்டியிருந்தான். அவன் காதுக்குப் பக்கத்திலேயே இன்னொருவர், கையால் வாயை மறைத்துக்கொண்டு என்னமோ ரகசியம் சொல்கிறார். இருவருக்கும் பின்னால் தண்ணீர் மின்னியது. மின்னிய இடமெல்லாம் உளுந்தவடை.

"இது என் தம்பி ஐயாதுரை" என்றாள் ஜெயபாய். "பின்னால நிக்கிறது அவன் வேலை பார்த்த மில்லோட மேனேஜர். இத்தனை வருஷமா இந்த வட்டத்தைப் பிரிண்ட்டுல விழுந்த அழுக்குன்னுல்ல நெனச்சிருந்தேன்."

அன்றைக்குத்தான் நம்பிக்குக் கதை தெரிந்தது. எண்பத்தி நாலில் ராஜபாளையம் நூல் மில்லில் ஸ்டிரைக். ஐயாதுரைதான் சங்கத்துக்குச் செயலாளர், வயது இருபத்தெட்டு. ஆடிப்பூரத் தேர் பார்க்க ஊரே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனது. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பமானாலும் தேரும் பால்கோவாவும் எல்லாருக்கும் பொதுதானே, அவனும் போனான். மறுநாள் காலையில் இந்தப் படம் மில் கேட்டில் ஒட்டியிருந்தது.

படத்தை எடுத்தவன் போட்டோக்காரன் சங்கரலிங்கம். படம் மட்டும் என்றால் சங்கத்து ஆட்கள் ஒரு வேளை யோசித்திருப்பார்கள். அவன் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னான். கை நீட்டுகிற தூரத்தில்தான் நின்றேன், தற்செயலாக எடுத்தேன், 'நாளை ராத்திரி ஷிஃப்ட்டுக்கு வெளியாட்களை உள்ளே விடுகிறேன்' என்று ஐயாதுரை சொன்னதும், மேனேஜர் சரி என்றதும் என் காதில் விழுந்தது என்றான். அம்புட்டுத்தான். ஐயாதுரையை வாய் திறக்கவே விடவில்லை. செங்கல் பறந்தது. இடது புருவம் கிழிந்து தொங்க வீட்டுக்கு வந்தான். ஸ்டிரைக்கும் உடைந்தது, அந்தப் பழியும் அவன் தலையில் ஏறியது. சங்கரலிங்கத்துக்கு மில் விசேஷமெல்லாம் ஒப்பந்தமாகி, இரண்டு ஊரிலும் ஸ்டூடியோ எழும்பியது.

"ஒரு மாசத்துல எங்கம்மா போய்ட்டா" என்றாள் ஜெயபாய். "பரிபூரணம்னு பேரு. தெருவுல எல்லாப் பிள்ளைக்கும் பேறுகாலம் பார்த்தவ. பெட்டியைத் தூக்க ஒரு ஆள் வரலை. சங்கம் கட்டுப்பாடு போட்டிருந்துச்சு. தலைவர் தவசிமுத்து அவன் வீட்டு வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தான். என் தம்பி ஒரு பக்கம், பாதிரியார் ஒரு பக்கம், குழி வெட்டுன பெரியவர் ஒரு பக்கம். நாலாவது மூலையை நான் தூக்குனேன்."

அன்றைக்கே ஐயாதுரை ஊரைவிட்டுப் போனவன்தான். ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் உடைக்கிற இடத்தில் கூலி வேலை. அம்மா கல்லறைக்குக்கூட வருவதில்லை. அந்த ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தான்.

ஜெயபாய் ராஜாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எண்பத்தி நாலு ஆடியில் இந்த லென்ஸ் யார் கையில் இருந்தது?

ராஜா யோசிக்கக்கூட இல்லை. கோபுரத்துப் பொம்மைகளைக் கிட்டத்தில் எடுக்க வேண்டும் என்று சங்கரலிங்கம்தான் கெஞ்சி வாங்கிப் போனான் என்றார். அப்போது இந்தச் சுற்று வட்டாரத்தில் இந்த மாதிரி லென்ஸ் இது ஒன்றுதான். திருப்பித் தரும்போது கோபுரப் படம் ஒன்றுகூடக் காட்டவில்லை, கேட்டதற்கு ஃபிலிம் கெட்டுவிட்டது என்றான். சொல்லிவிட்டு ராஜா தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். என் லென்ஸாலயா அம்மா இது நடந்தது என்று இரண்டு தடவை கேட்டார். பொறவு ஜீப் சாவியை எடுத்து நீட்டி, இரண்டு லென்ஸையும் கொண்டுபோங்கள், வேலை முடிந்ததும் ஒன்றைத் திருப்பினால் போதும் என்றார்.

*

படத்தில் இருந்த அதே ஸ்ரீவில்லிபுத்தூர் திருமுக்குளத்துப் படிக்கட்டில் நம்பியின் சித்தப்பா சக்ரபாணி குளித்துவிட்டு வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். கோயில் கைங்கரியக்காரர், ஆறடி உசரம். அவரை அப்படியே அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, நம்பியை அதே படியில் இருபது அடி முன்னால் நிற்கச் சொன்னாள் ஜெயபாய். தான் குளத்தின் மூலைக்குப் போய் ஸ்டாண்டில் ஐநூறை மாட்டி எட்டிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். சித்தப்பாவுக்கு ஈர வேட்டியோடு குளிரெடுத்தது. இது எந்த ஊர் வேலையடா என்று அவர் கேட்க, சம்பளமில்லாத வேலை என்றான் நம்பி.

பிறகு அவள் வந்து நம்பி நின்ற இடத்தில் நின்றுகொண்டு, போய்ப் பார்த்துவிட்டு வா என்றாள்.

பார்த்த நம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது அடியைக் காணவே காணோம். சித்தப்பாவின் வாய் ஜெயபாயின் காதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் தண்ணீரில் வடை வடையாக வெயில்.

"சித்தப்பா, அக்கா காதுல என்ன ரகசியம் சொன்னேரு?" என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தான். பெருமாளே, நான் அந்தம்மா பக்கத்திலேயே போகலியே என்று பதறினார் அவர்.

"ஐயாதுரையும் இதைத்தான் சொன்னான்" என்றாள் ஜெயபாய். பழைய படத்தை எடுத்துக் காட்டினாள். மேனேஜர் ஆறடி ஆள், மில் வாசலில் குனிந்துதான் நுழைவார். ஐயாதுரை அஞ்சரை அடிகூட இல்லை. படத்தில் இருவர் தலையும் ஒரே மட்டம். பக்கத்தில் நின்றிருந்தால் மேனேஜர் தலை மேலே போயிருக்கும். பின்னால் தூரத்தில் நின்றதால்தான் குட்டையாகிவிட்டார். இது போதாதா என்று கேட்டான் நம்பி.

போதாது என்றாள். படம் எப்படி எடுக்கப்பட்டது என்று நாம் சொன்னால் ஊர் கொட்டாவி விடும். சங்கரலிங்கம் சொல்ல வேண்டும், அதைத் தவசிமுத்து கேட்க வேண்டும். போய்த் தவசிமுத்துவைக் கூட்டிவா, நான் அவனோடு பேச மாட்டேன் என்றாள்.

"சங்கரலிங்கத்தை நாலு சாத்து சாத்திப்புடலாமா அக்கா?"

"தொடாதே. ஒரு அடி விழுந்தாலும் அவனைப் பாவம்னு சொல்ல ஒருத்தன் வந்துருவான். அவனைப் பாவம்னு ஒருத்தர்கூடச் சொல்லக்கூடாது." அதைச் சொன்னபோது அவள் குரல் உயரவே இல்லை.

*

ரத வீதி ஸ்டூடியோவில் சங்கரலிங்கம் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து நம்பி தவசிமுத்துவை அழைத்துப் போனான். ஆள் லேசில் வரவில்லை. செத்த நேரம் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்தால் போதும், ஐயாதுரை சமாச்சாரம் என்று நம்பி சொன்னதும்தான் துண்டை உதறித் தோளில் போட்டார். ஐம்பதைத் தாண்டியவர். ஏழு வருஷமாக அந்தப் பெயரை அவர் முன்னால் யாரும் சொன்னதில்லையாம். கல்லாவில் இருந்த செல்லக்கனி என்கிற பெண்ணிடம் பாஸ்போர்ட் சைஸ் என்று சொல்ல, அவள் அவரை உள்ளே திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, கேட்காமலே முகத்துக்குப் பவுடரைப் பூச ஆரம்பித்துவிட்டாள்.

சங்கரலிங்கம் ஏப்பம் விட்டபடி வந்து நாற்காலியில் சாய்ந்தபோது ஜெயபாய் எதிரே இருந்தாள். துப்பறிகிற மேடம் என்று அவளைக் கேள்விப்பட்டிருந்தான். ஐயாதுரையின் அக்காள் என்று அவனுக்குத் தெரியாது. அப்போது அவள் மதுரையில் இருந்தாள், பெட்டியைத் தூக்கிய அன்றைக்கு அவன் தெருப்பக்கமே வரவில்லை. நம்பி ஓரமாக நின்று கேமராவில் ஐம்பதை மாட்டித் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஜெயபாய் இரண்டு லென்ஸையும் மேஜையில் வைத்து, எங்கள் தொழிலுக்கு எதை வாங்கலாம், உங்களை விட்டால் இந்த ஜில்லாவில் யாரைக் கேட்பது என்றாள். அவ்வளவு பணிவாக அவள் பேசி நம்பி கேட்டதே கிடையாது. சங்கரலிங்கத்துக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. பாடம் நடத்தத் தொடங்கினான். ஐம்பதின் பெருமையைப் பேசினான், வெளிச்சத்தைப் பற்றிப் பேசினான், கல்யாண வீட்டில் மணமகள் கண்ணில் தண்ணீர் கோத்ததை விளக்கில்லாமல் எடுத்த கதையைச் சொன்னான்.

ஜெயபாய் ஓர் அணில் படத்தை நீட்டினாள். இந்த வட்டமெல்லாம் பிரிண்ட் கோளாறா என்று கேட்டாள்.

அவன் விரலால் தட்டிக் காட்டினான். "கோளாறெல்லாம் இல்ல மேடம். இந்த ஐநூறு மட்டும்தான் இப்படி வளையம் போடும். ஒரு வளையத்தைப் பார்த்தாப் போதும், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடுவேன்."

அப்போ தூரத்தில் இருக்கிறவர்களை எடுக்க எங்களுக்கு இதுதானே நல்லது என்றாள் அவள்.

"ஐயோ, வாங்கிடாதீங்க. உங்களுக்கு வேண்டியது ரகசியம். இது கண்ணு மட்டும்தான் மேடம், இதுக்குக் காது கிடையாது. இருநூறு அடி தள்ளி நின்னு ரெண்டு பேரு பேசுறதைப் படம் பிடிக்கலாம். என்ன பேசுனான்னு எவனுக்குத் தெரியும்?"

ஜெயபாய் மூக்கு நுனியைச் சொறிந்தாள். பிறகு கைப்பையிலிருந்து பழைய படத்தை எடுத்து அணிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சங்கரலிங்கம் படத்தைப் பார்த்தான். வளையத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்தது.

"நீ எப்படிக் கேட்டே?" என்றாள் ஜெயபாய்.

அவன் வழுக்கப் பார்த்தான், லேசுப்பட்ட ஆளா. அது தண்ணீர்க் குமிழி என்றான். உயரத்தைக் காட்டினால் படி ஏற்ற இறக்கம் என்றான். ராஜா லென்ஸைக் கொடுத்ததைச் சொன்னால், வயசானவர், ஞாபகம் பிசகியிருக்கும் என்றான். ஒவ்வொன்றுக்கும் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. கடைசியில் படத்தின் மேல் விரலைக் குத்தி, "காதுல விழுந்ததோ விழலையோ, அவன் கையை நீட்டி வாங்குதானே, அது பொய்யா? கையைப் பாருங்க" என்று கத்தினான்.

திரை விலகியது. தவசிமுத்து நின்றார். ஒரு கன்னம் வெள்ளையாகப் பவுடர், மறு கன்னம் கறுப்பு. இன்னொரு நாளாக இருந்தால் நம்பி ஒரு வாரத்துக்கு இதை வைத்தே சிரித்திருப்பான்.

"எந்தக் கையி?" என்று கேட்டுக்கொண்டே வந்து படத்தை எடுத்தார். மில் கேட்டில் ஒரு தடவை, ஆத்திரத்தோடு, கூட்டத்துக்கு மேலாக எட்டிப் பார்த்த படம். கையை நீட்டிக் காசு வாங்குகிறான் என்று யாரோ சொன்னார்கள், அப்படியே பார்த்துவிட்டுச் செங்கல்லை எடுத்தவர் அவர். இப்போதுதான் கையில் வைத்துப் பார்க்கிறார்.

ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். திரும்பி வந்து தன் கையை இடுப்பு உயரத்துக்கு நீட்டினார். உள்ளங்கை மேலே பார்க்க, சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடங்கியிருந்தன.

"இது வாங்குத கை இல்லம்மா" என்றார். "இது மில் பாஷை."

ஜெயபாய்க்குப் புரியவில்லை. இது அவளும் எதிர்பார்க்காதது. தவசிமுத்து திக்கித் திணறிச் சொன்னார். மிஷின் ஓடுகிற இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. மில்லில் எல்லாருமே கையால்தான் பேசிக்கொள்வார்கள், பழகிப்போய் வெளியிலும் அப்படித்தான். இரண்டு விரலை மடக்கி உள்ளங்கையைக் காட்டினால் 'டீக்கு வாரியா' என்று அர்த்தம். தூரத்தில் நிற்கிறவனிடம்தான் கையால் பேசுவார்கள். காதோடு வாய் வைத்து நிற்கிறவனிடம் எவனும் கையால் பேச மாட்டான்.

"யாரை டீக்குக் கூப்பிட்டான்?" என்றான் நம்பி.

தவசிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்னைத்தான். எதிர்க் கரையில நின்னேன். மகளைத் தோளுல வச்சிருந்தேன், ரெண்டு கையும் அவ காலைப் பிடிச்சிருந்துச்சு. பதில் காட்டக் கையில்லாம தலையை மட்டும் ஆட்டுனேன். வரலைன்னு. அவன் சிரிச்சான்." படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "என்னோட பேசிக்கிட்டிருந்தவனை, எவனோடயோ பேசுனான்னு நானே கல்லால அடிச்சேனே."

சங்கரலிங்கம் வாயைத் திறந்தான். அந்த நிமிஷம் நம்பி மேஜைக்கு மேல் சாய்ந்து, கை நீட்டுகிற தூரத்தில், ஃபிளாஷ் இல்லாமல் ஐம்பது எம்.எம்.மால் அவன் முகத்தை எடுத்தான். ஒன்றல்ல, வரிசையாக எடுத்தான். முழி பிதுங்கிய முகம், கரைந்த விபூதி, திறந்து கிடந்த வாய், எல்லாம் விழுந்தது.

தவசிமுத்து எழுந்து அவன் சட்டையைப் பிடித்தார். விடு என்றாள் ஜெயபாய். ஏழு வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் விட்டுவிட்டார்.

"மேனேஜர் சொல்லித்தான் செஞ்சேன்" என்றான் சங்கரலிங்கம். அவன் அழ ஆரம்பித்திருந்தான். "அவரே வந்து நின்னுக்கிடுதேன், எடுத்துக் குடுன்னாரு. நான் போட்டோ எடுக்கிறவன் மேடம், வேற ஒண்ணும் தெரியாது."

"நாளைக்கு ஷிஃப்ட் மாறுற நேரத்துக்கு மில் கேட்டுக்கு வருவே" என்றாள் அவள். "அன்னைக்குப் பிடிச்ச மாதிரியே மைக்கைப் பிடிச்சு இதையெல்லாம் சொல்லுவே. சொல்லாட்டி, இங்க கேட்டவங்க சொல்லுவாங்க. எது உனக்குச் சௌரியமோ பார்த்துக்கோ." பிறகு தவசிமுத்துவின் பக்கம் திரும்பினாள். "எங்கம்மா பெட்டியைத் தூக்க வராதவங்கள்ல, நீ உள்பட நாலு பேரைக் கூட்டிக்கிட்டு ஆலங்குளத்துக்கு வரணும். என் தம்பி வாசல்ல போய் நிக்கணும்."

வாரோம் தாயி என்றார் அவர். பவுடர் பூசிய கன்னத்தில் கண்ணீர் கோடு போட்டது.

*

மறுநாள் மில் கேட்டில், பழைய படம் ஒட்டியிருந்த அதே பலகையில், சங்கரலிங்கத்தின் முகம் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது. கீழே ஜெயபாய் தன் கையால் எழுதியிருந்தாள்: 'கை நீட்டுகிற தூரத்தில் எடுத்தது. இவர் சொன்னது எங்கள் காதில் விழுந்தது.' அவன் வந்தான். மைக்கைப் பிடித்துச் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை ஒருத்தரும் கல்லை எடுக்கவில்லை, ஒரு வார்த்தை வையவில்லை. முடித்ததும் கூட்டம் அப்படியே அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி மில்லுக்குள் போனது. அவனைப் பாவம் என்று சொல்ல ஒரு நாதி இல்லை. ஜெயபாய் கடைசி ஆள் உள்ளே போகும்வரை நின்று ஆசை தீரப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் ஆலங்குளத்தில் ராஜாவின் ஜீப்பை ரொம்பத் தூரத்திலேயே நிறுத்தச் சொன்னாள். பக்கத்தில் போக வேண்டாம், அவன் முகத்தைப் பார்த்தால் நான் உடைந்துவிடுவேன், நீ பார்த்துச் சொல் என்றாள். நம்பி ஐநூறை மாட்டி ஜீப்பின் பானெட்டில் ஊன்றிக்கொண்டான்.

சுண்ணாம்புக் குவியல்களுக்கு நடுவே ஓட்டு வீடு. வாசலில் உடம்பெல்லாம் வெள்ளைப் பொடியோடு ஐயாதுரை நின்றான். இடது புருவத்தில் தழும்பு. எதிரே, கொஞ்சம் தள்ளி நாலு பேர். தவசிமுத்து முன்னால் வந்தார். கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்க்க, இரண்டு விரல் மடங்கியிருந்தது.

காதில்லாத லென்ஸுக்கு அந்தப் பேச்சு நன்றாகவே கேட்டது.

"டீக்குக் கூப்பிடுதாரு அக்கா" என்றான் நம்பி.

"அவன் என்ன சொல்லுதான்?"

நம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். ஐயாதுரையின் இரண்டு கைகளும் சும்மாதான் தொங்கின. தோளில் பிள்ளை இல்லை, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவன் கையைத் தூக்கவில்லை. தவசிமுத்துவை நேராகப் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினான்.

"வரலையாம்" என்றான் நம்பி.

ஜெயபாய் கண்ணை மூடிக்கொண்டாள். நல்லா ஆட்டுனான் என்றாள். மூக்கு நுனியைச் சொறிந்தாள்.

நாலு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஐயாதுரை கதவைச் சாத்திவிட்டு, அவர்களுக்கு நடுவிலேயே, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் நடந்து வந்தான். ஜீப்பைப் பார்த்துத்தான் வந்தான். லென்ஸுக்குள் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. திடீரென்று எல்லாம் மங்கிப்போய் வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. நம்பி என்னதான் திருகினாலும் தெளியவில்லை.

"அக்கா, அண்ணன் ரொம்பக் கிட்ட வந்துட்டாரு. இதுல தெரிய மாட்டேங்குது."

"அப்ப அதைக் கழத்துலே" என்றாள் ஜெயபாய். அவள் ஏற்கெனவே ஜீப்பிலிருந்து இறங்கிவிட்டிருந்தாள். "அம்பதை மாட்டு. அதைத்தான் நாம எடுத்துக்கிடப் போறோம்."